ஆக்கியோனே ஆய்வோனாதல்

ஒரு நூலை இயற்றிய புலவன் அதனைக் கற்றோர் அவையில் அரங்கேற்றி, அவர் எழுப்புந் தடைகளுக்கு விடையிறுத்தல் தமிழ் மரபு. குற்றங் காண்பது அவையின் கடன். விடை கூறுவது புலவன் கடன். திரைப்படக் கலை பயிலும் மாணவனுக்கோ இவ்விரு கடனும் ஒருங்கே வந்து சேர்கின்றன. தான் எடுத்த படத்தின் தொடக்கக் காட்சியைத் தொகுத்து முடித்ததும், அதன் குணமுங் குற்றமும் யாவையெனத் தானே எழுதுமாறு அவன் பணிக்கப்படுகின்றான். இஃது எளிய பணியன்று. காட்சியை எடுக்கப் பட்ட பாடு எடுத்தவன் நெஞ்சில் நிற்கின்றது. திரையில் அது தோன்றுவதில்லை. பட்ட பாட்டையே காட்சியின் சிறப்பெனக் கொள்ளும் மயக்கம் ஆக்கியோனுக்கு இயல்பாக உண்டாவது. அம்மயக்கம் நீங்கி ஆராயும் முறைக்கு, அமெரிக்க நெறியாளர் ஓர்சன் வெல்ஸ் எழுதிய மடல் ஒன்று தக்க சான்றாகும்.

1958ஆம் ஆண்டில் வெளிவந்த 'டச் ஒவ் ஈவில்' என்னும் அவரது படம், அமெரிக்காவும் மெக்சிக்கோவும் கூடும் எல்லையூர் ஒன்றில் தொடங்குகின்றது. நேரங்குறித்து வெடிக்கும் குண்டொன்றை ஒருவன் கைகள் முடுக்குகின்றன. அது மோட்டார் வண்டியொன்றின் பின்புறப் பெட்டியில் வைக்கப்படுகின்றது. அதனை அறியாத ஆணும் பெண்ணும் வண்டியில் ஏறிச் செல்கின்றனர். கமரா மேலெழுந்து கூரைகளைக் கடந்து தெருவில் இறங்கி, அவ்வண்டியையும், அதனருகே நடந்து செல்லும் புதுமணத் தம்பதியரையும் தொடர்கின்றது. மூன்று நிமிடங்களுக்கு மேலாக இடையறவின்றி ஓடும் இக்காட்சி, வெடியோசை கேட்ட பின்னரே அறுபடுகின்றது.

படத்தொகுப்பு வெல்ஸின் கையினின்றும் நீங்கி, யூனிவேர்சல் நிறுவனத்தாரால் நிறைவேற்றப்பட்டது. அவர்கள் தொகுத்த படத்தை ஒருமுறை பார்த்த வெல்ஸ், 1957 டிசெம்பரில் 58 பக்க மடல் ஒன்றை நிறுவனத் தலைவருக்கு எழுதினார். படம் வெளிவந்தபோது தொடக்கக் காட்சி அறுபடாமலே இருந்தது. எனினும் அதன் பயன் வேறுபட்டது. எவ்வாறெனின், காட்சியின்மேல் கலைஞர் பெயர்கள் எழுதப்பட்டன. என்றி மன்சினியின் இசை அதன்மேற் பரப்பப்பட்டது. பெயரை வாசிக்குங் கண் வண்டியைத் தேடாது. ஒரே இசையில் ஆழ்ந்த செவி தெருவைக் கேளாது. வெட்டுதலும் ஒட்டுதலும் மட்டுமே தொகுப்பெனக் கருதுவோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

வெல்ஸ் அவ்விடத்து ஒலித்த இசையைத் தற்காலிகமானதென்றே எண்ணி எழுதினார். களியாட்டு விடுதிகள் ஒவ்வொன்றின் ஒலிபெருக்கியும் தன்தன் இசையைத் தெருவிற் சொரிய, கமரா நகருந்தோறும் ஒன்று தேய்ந்து மற்றொன்று எழவேண்டும் என்பதே அவர் கருத்து. கமராவை இயக்கிய அருமையை அன்றி, காண்போன் செவிக்கு யாது எட்டுகின்றது என்பதையே அவர் ஈண்டு ஆராய்ந்தார். ஆக்கியோன் ஆய்வோனாகும் இடம் இதுவே.

1998இல் வோல்டர் மேர்ச் அம்மடலின் வழிநின்று படத்தை மீளத் தொகுத்தார். பெயர்கள் இறுதிக்குச் சென்றன. தெருவின் ஒலிகள் மேலெழுந்தன. வண்டி கண்ணுக்கு மறைந்தபோதும் அதன் வானொலியின் ஒலியால், குண்டு அணித்தே உள்ளதெனக் காண்போன் உணர்கின்றான். மன்சினியின் இசை தன்னளவில் தாழ்ந்ததன்று; அதன் தாளம் கடிகாரம்போல் துடித்து விரைவூட்டுவது. புதிய வடிவில் அத்துடிப்பு இல்லாமை ஓரிழப்பே. ஆயினும் இசை அச்சத்தை வெளியினின்று ஊட்டிற்று. தெருவொலியோ காண்போன் தானே உற்றுக்கேட்டுத் தானே அஞ்சுமாறு செய்கின்றது. ஆதலின் பிந்தியதே காட்சியின் இயல்புக்கு ஒத்தது எனலாம்.

மாணவன் தன் மதிப்பீட்டில் வினவவேண்டியனவும் இவையே: கதையறியாத ஒருவன் முதல் மூன்று நிமிடங்களில் யாது காண்பான்? யாது கேட்பான்? அவன் கண் எங்கே சிதறும்? இவ்வினாக்களுக்கு நேர்மையாக விடையெழுதுபவன் தனக்குத் தானே அவையாகின்றான்.

வெல்ஸ் 1985இல் மறைந்தார். தம் மடலின்படி அமைந்த தொடக்கத்தை அவர் காணவில்லை. மாணவன் கையிலோ படம் இன்னும் இருக்கின்றது. கண்ட குற்றத்தை அன்றே களையும் வாய்ப்பு அவனுக்குண்டு. அதனை நழுவவிடாமையே மதிப்பீட்டின் பயனாகும்.