தோழி காத்த மறை

மறை என்ற சொல் காதில் விழுந்தவுடன் நான்மறையை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வோர் இந்நாட்டில் இன்றும் உளர். நாம் எழுத எடுத்துக்கொண்டது அந்த மறையை அன்று. தமிழ்ப் பாட்டில் மறை என்பதற்கு எளிய பொருள் ஒன்று உண்டு: பிறர் அறியாது காக்கப்படும் செய்தி. அந்த மறையை ஓத வேள்வித்தீ வேண்டியதில்லை, பூணூல் வேண்டியதில்லை. தினைப்புனத்துப் பரணும், இரண்டு பெண்களும் போதும். ஒருத்தி சொல்ல, ஒருத்தி காப்பாள்.

தோழி யார்? செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். செவிலி யார்? தலைவியைப் பெற்ற நற்றாயின் தோழி என்பது உரை மரபு. ஆக, நேற்றுத் தாய்க்குத் தோழியாய் இருந்தவளின் மகள் இன்று மகளுக்குத் தோழி. வீடும் நிலமும் தந்தைவழியே மகனுக்குப் போக, நட்பும் மறையும் தாய்வழியே மகளுக்கு வந்திருக்கின்றன. ஆடவர் எழுதிய உயில்களில் இந்தச் சொத்து இடம் பெறவில்லை; ஆயினும் பெண்கள் கைமாற்றிக்கொண்டே வந்தனர்.

இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டு வெறியாட்டுப் பாட்டுகளைப் படித்துப் பாருங்கள். அவற்றின் சுவையே வேறாகும். மகள் மெலிகிறாள், வளை நெகிழ்கிறது. முருகன் பிடித்துக்கொண்டான் என்று அஞ்சிய தாய் வேலனை அழைக்கிறாள். களம் இழைக்கப்படுகிறது, ஆட்டுக்குட்டி கொண்டுவரப்படுகிறது. உண்மை என்ன என்று தெரிந்தவள் ஒருத்தி அந்தக் கூட்டத்திலேயே நிற்கிறாள். அவள்தான் தோழி. குறுந்தொகை 362ஆம் பாட்டில் அவள் வேலனையே நேருக்கு நேர் கேட்கிறாள். பலநிறச் சோறு படைத்து, குட்டியை அறுத்து, இவள் நெற்றியைத் தடவிப் பலி தருகிறாயே, இவளை வருத்திய மலைநாடனின் மார்பும் இந்தப் பலியை உண்ணுமோ என்பது அவள் கேள்வி. நற்றிணை 34ஆம் பாட்டிலோ வேலனை விட்டுவிட்டு முருகனிடமே போகிறாள். இந்த நோய்க்கு நீ காரணம் இல்லை என்று உனக்கே தெரிந்திருந்தும், அழைத்தவுடன் வந்து நிற்கிறாயே, நீ கடவுளே ஆனாலும் அறியாமை உடையவன்தான் என்கிறாள்! அதைப் பாடிய புலவரின் பெயர் பிரமசாரி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சரக்கு நல்ல சரக்கு.

பகுத்தறிவு பேசினால் மேனாட்டுச் சரக்கு என்று முகம் சுளிக்கும் பண்டிதர்களுக்கு இந்த இரண்டு பாட்டும் போதும். ஒன்று மட்டும் நமக்கு வியப்பாக இருக்கிறது. உரை மரபு சொல்லும் உறவு மெய்யானால், வேலனை அழைக்கும் நற்றாயின் அருகில் நிற்பவள் செவிலி. நற்றாயின் இளமைக்கு அவள் சான்று. அந்த அம்மையாரும் ஒரு காலத்தில் வளை நெகிழ்ந்தவர்தாமே? அன்றைய மறையைக் காத்தவள் இன்று வாய் திறந்து, 'இது முருகு அன்று. நமக்கும் வந்த நோய்தான்' என்று சொல்லக்கூடாதா? பாட்டுகள் அதைச் சொல்லவில்லை. தாயான பின் தன் பழைய மறையை மறந்துவிடுவது பெண்ணின் கடமை என்று குடும்பம் கற்றுக்கொடுத்திருக்கிறது போலும்.

இலக்கணத்தார் இதை முறைப்படுத்தினர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் மறையை வெளியிடுவதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். பெயரைக் கவனியுங்கள், தோழர்களே! காதலை மறைத்தது பழி என்றோ, வெளியிட்டது காட்டிக்கொடுத்தல் என்றோ சொல்லவில்லை. காதலின் பக்கம் நிற்பதே அறம் என்றனர். அதற்கு ஏழு வழி உண்டு என்கிறது தொல்காப்பியம். உண்மையை உள்ளபடி உடைத்துச் சொல்வது கடைசி வழி. மற்றவை எல்லாம் சுற்றி வளைப்பவை. வெள்ளத்தில் வீழ்ந்தவளை அவன் எடுத்தான், யானையிடமிருந்து காத்தான், பூப் பறித்துக் கொடுத்தான் என்று தோழி காரணம் காட்டுவாள். ஓர் உயிரைக் காக்கச் சொன்ன அழகான காரணங்கள் அவை. புராணிகர் சொன்ன பொய்களைப்போல யாருடைய உண்டியலையும் அவை நிரப்பவில்லை.

கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலிப் பாட்டு ஒன்று, 39ஆவது, இந்த முறையின் முழுப் பயணத்தையும் காட்டுகிறது. ஆற்று வெள்ளத்தில் தலைவி கால் தளர்ந்தாள். அவன் பாய்ந்து எடுத்துக் கரை சேர்த்தான். தோழி தாய்க்குச் சொன்னாள். செய்தி தமையன்மாரை எட்டியது. அவர்கள் அம்பைப் பார்த்தனர், வில்லைப் பார்த்தனர், கண் சிவந்தனர். ஒரு பகல் முழுதும் கொதித்தனர். பிறகு ஆறினர். இருவர் மீதும் குற்றம் இல்லை என்று கண்டு தலை சாய்த்தனர்.

ஒரே ஒரு பகல்! வில்லும் அம்பும் கையில் இருந்தும், வேட்டுவக் குடியில் பிறந்தும், ஒரு பகலில் அவர்களுக்குச் சினம் ஆறிற்று. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். மணமாகி எட்டுத் திங்களாகியும் அங்கே சினம் ஆறவில்லை. 1967ஆம் ஆண்டில் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. புரோகிதர் இல்லாமலே மணக்கலாம். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. கதவுக்கு வெளியே அரிவாளுடன் நிற்பவனை என்ன செய்வது? இன்று ஒரு பெண்ணின் மறையை அவள் தோழி தாயிடம் சொன்னால், அது மணவீட்டுக்கு வழியாகுமா, பிணவீட்டுக்கு வழியாகுமா என்று அவளால் சொல்ல முடியாது. சங்கப் பாட்டைப் பாடமாக நடத்தும் நமக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது. அறத்தொடு நிற்றல் என்றால் என்ன என்று வினா கேட்டு மதிப்பெண் போடுகிறோம். மாணவியர் விடையை மனப்பாடமாக எழுதுகின்றனர். அறத்தொடு நின்றவளுக்கு வீட்டில் என்ன நேரும் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியும். அதை விடைத்தாளில் எழுத இடமில்லை.

தோழியர் எல்லோரும் வேலனை வினவியவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலப்பதிகாரத்துத் தேவந்தியும் தோழிதான். அவள் கண்ணகிக்குக் காட்டிய வழி, குளங்களில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுவது. அது பெருமை தருவதன்று என்று கண்ணகி மறுத்துவிட்டாள். அங்கே தோழியைவிடத் தலைவிக்குத் தெளிவு மிகுதி.

இனி, போற்றியது போதும். நமக்குக் குறையாகப் படுவதையும் மறைக்காமல் சொல்வோம். பழம்பெருமை பேசிப் பல்லிளிக்கும் கூட்டத்தில் நாம் இல்லை.

நற்றாய்க்குச் செவிலி தோழி. தலைவிக்குச் செவிலி மகள் தோழி. நட்பு பரம்பரையாக வந்தது என்று மகிழ்கிறோம். மறைக்கு உரிய வீடு எப்போதும் ஒன்று; மறையைக் காக்கும் வீடு எப்போதும் மற்றொன்று! இது மாறியதே இல்லை. செவிலி வீட்டுப் பெண்ணின் மறையைத் தலைவி வீட்டுப் பெண் காத்தாள் என்று எங்கேனும் ஒரு பாட்டு உண்டா? தலைவி தோழிக்காகக் குறியிடத்தில் காவல் நின்றதுண்டா? அகத்திணை மரபில் தோழிக்குத் தலைவன் இல்லை, களவு இல்லை, வளை நெகிழ்வது இல்லை. அடியோரும் பிறர் ஏவிய தொழில் செய்வோரும் ஐந்திணைக்குப் புறத்தே நிற்கலாம் என்று இலக்கணம் எழுதியவர், தோழியை அடியாள் என்று எழுதவில்லை. உசாத்துணை என்று உயர்த்தியே எழுதினார். உயர்த்திய கையே அவளுக்கு ஒரு காதலைக் கொடுக்க மறந்துவிட்டது. இது மறதியா, ஏற்பாடா? ஏற்பாடு என்றே நாம் கருதுகிறோம்.

விருப்பு வெறுப்பின்றிச் சொன்னால், காளிதாசனின் சாகுந்தலம் இந்த ஓரிடத்தில் நம்மை முந்துகிறது. அங்கேயும் தோழியர் இருவர் ஒரு மறையைக் காக்கின்றனர். துருவாசர் இட்ட சாபத்தைச் சகுந்தலைக்குச் சொல்லாமல் விடுகின்றனர். காதலன் மறந்ததற்கு முனிவர் சாபத்தைக் காரணமாக்கி அரசனைக் காப்பாற்றிய கதை அது. அந்தக் கலையை நாம் பாராட்டப் போவதில்லை. ஆனால் சகுந்தலை புறப்படும்போது, இவர்களும் மணம் செய்து கொடுக்கப்பட வேண்டியவர்கள் என்று கண்ணுவர் ஒரு சொல் சொல்கிறார். அனசூயைக்கும் பிரியம்வதைக்கும் பெயரும் உண்டு. வரப்போகும் வாழ்வும் உண்டு. நம் தோழிக்குப் பெயர்கூட இல்லை.

அகத்தில் யாருக்குமே பெயர் சுட்டக்கூடாது என்பது மரபு என்று பண்டிதர் குறுக்கிடுவார். சரி. பெயர் வேண்டாம், அவளுக்கென்று ஓர் இரவு இருந்திருக்கலாம் அல்லவா?

உடன்போக்கை எண்ணிப் பாருங்கள். தலைவியைத் தலைவனோடு இரவில் அனுப்பி வைப்பவள் தோழி. விடிந்தால் காதலர் பாலை வழியில் போய்க்கொண்டிருப்பர். செவிலி தேடிப் புறப்படுவாள்; கால் ஓயும் வரை நடப்பாள். வெறிச்சோடிய வீட்டில், நற்றாயின் முன் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் விடை சொல்ல எஞ்சி நிற்பவள் தோழி ஒருத்தியே. அன்று மாலை அவள் யாரிடம் போய்ப் பேசியிருப்பாள்?