அத்தைமார்களின் துறவு

ஸான்ஸ்கர் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுகிறவர்களுக்கெல்லாம் ‘மௌனம்’ என்ற சொல் எப்படியோ கிடைத்துவிடுகிறது. கார்கிலிலிருந்து பென்சி லா கணவாயைக் கடந்து பதும் போய்ச் சேர்ந்த இரவில் நானும் அதைத்தான் நாட்குறிப்பில் எழுதினேன். ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரம். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை; அதை மௌனம் என்று எண்ணிக்கொண்டேன்.

கர்ஷாவுக்குப் போன பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அங்கே மலைச்சரிவு முழுக்கப் பிக்குகளின் வெள்ளை மடாலயம். பிளவுக்கு அப்பால், தனியே, பிக்குணிகளின் சிறிய மடம். நான் ஏறிப்போன பகலில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. பிக்குணிகள் கீழே பெற்றோரின் வயலில் பார்லி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

கிம் குட்ஷோவின் ‘பீயிங் எ புத்திஸ்ட் நன்’ (2004) நூலை முன்பே வாசித்திருந்தேன். இதே கர்ஷா பிக்குணிகளோடு வாழ்ந்து எழுதப்பட்ட மானுடவியல் நூல் அது. இருந்தும் அந்தப் பூட்டுகளைப் பார்த்தபோதுதான் அது எனக்கு விளங்கியது. நிலமும் கொடையும் சடங்குக் காணிக்கையும் பிக்குகளின் மடத்தில் சேர்கின்றன. பிக்குணிகளோ தங்கள் சோற்றுக்குப் பிறந்த வீட்டு வயலில் உழைக்கிறார்கள் என்கிறார் குட்ஷோ. ஆண் துறந்தால் வீடு அவனை விட்டுவிடுகிறது. பெண் துறந்தால் கூலியில்லாத இரண்டு கைகள் வீட்டுக்கே மிஞ்சுகின்றன. திபெத்திய மொழியில் பிக்குணியைக் குறிக்கும் ‘அனி’ என்ற சொல்லுக்கு அத்தை என்றும் பொருள், தந்தையின் உடன்பிறந்தாள். மணமாகாத அத்தை இருக்கும் வீட்டில் விடியலில் யார் முதலில் எழுவார் என்று நமக்குத் தெரியாதா?

வகுப்பில் ஆண்டுதோறும் மணிமேகலை நடத்துகிறேன். அமுதசுரபியை அவளுடைய விடுதலையின் சின்னமாகவே சொல்லிவந்திருக்கிறேன். பிக்குணிக் கோலம் பூண்டவள் கையிலும் காப்பியம் சோற்றுப் பாத்திரத்தைத்தானே கொடுத்தது? இந்த ஆண்டு அந்தப் பாடத்தில் தடுமாறினேன்.

மாற்றம் இல்லாமல் இல்லை. 2016இல் கர்நாடகத்தின் முண்ட்கோட்டில் 20 பிக்குணிகள் முதன்முறையாக கெஷேமா பட்டம் பெற்றார்கள். 2022இல் பூடானில் 144 பேருக்கு முழுத் தீட்சை கிடைத்தது. அறுவடைக்கு அழைப்பு வந்தால் மறுக்கிற உரிமை எந்தப் பட்டத்தோடு வரும் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மாலையில் ஒருவர் திரும்பி வந்தார். உடையெல்லாம் வைக்கோல். சாவியை எடுத்துத் தன் அறையைத் திறந்தார். என்னோடு பணிபுரியும் பேராசிரியைகள் பலருக்கு வீட்டில் இல்லாத சாவி அது; மாமியார் வீடும் பிள்ளைப்பேறும் வேண்டாம் என்று வாங்கிய சாவி. அதைச் சிறிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக்கொடுத்தபடி அவர் ஏதோ சொன்னார். விடிவதற்கு முன் பூசையாம், பிறகு மறுபடி வயலாம். ஓட்டுநர்தான் மொழிபெயர்த்தார்.