வாங்கிய வீட்டிலிருந்து

எம்.ஏ. தமிழ் படித்தபோது பிரேம்சந்தின் ‘நிர்மலா’வை மொழிபெயர்ப்பில் வாசித்தேன். 1920களில் இந்தியில் வந்த நாவல். பதினைந்து வயதுப் பெண் நிர்மலா. நிச்சயமான கல்யாணம். அப்பா கொலையாகிறார். இனி வரதட்சணை தேறாது என்றதும் மாப்பிள்ளை வீட்டார் நழுவிவிடுகிறார்கள். கடைசியில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிற, மனைவியை இழந்த வக்கீலுக்கு அவளைக் கட்டிவைக்கிறார்கள். நாவல் முடிவில் அவளும் சாகிறாள். வாசித்துவிட்டு அழுதேன். ‘வரதட்சணைக் கொடுமையைச் சாடும் நாவல்’ என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

இப்போது மறுபடி வாசிக்கையில் வேறொரு கேள்வி உறுத்துகிறது. அந்தத் தாய் ஏன் சாதிக்கு வெளியே ஒரு பையனைத் தேடவில்லை? புரோகிதர் கொண்டுவரும் வரன்களுக்குள்ளேதான் அவள் தேடல். நாவலும் அந்த வேலியைத் தாண்டி யோசிக்கவில்லை.

இந்தக் கேள்விக்கான பதில் ‘நிர்மலா’வுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது மாணவராக அம்பேத்கர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரை. சாதியின் உயிர்நாடி அகமணம் என்கிறார். சாதிக்குள்ளேயே கட்டணும் என்றால் ஆண், பெண் கணக்கு சரியா இருக்கணும். புருஷன் செத்தால் பெண் மிச்சம். அவளை எரி, அல்லது விதவையாக மூலையில் உட்கார வை. பெண்டாட்டி செத்தால் ஆண் மிச்சம். அவனை எரிக்க மனசு வருமா? கல்யாண வயசு வராத சிறுமி ஒருத்தியைக் கட்டிவை. நிர்மலாவின் கதையே இந்தக் கணக்குத்தான். அவளைப் பிடித்துத் தள்ளியது வரதட்சணை. போக வேறு இடமில்லாமல் அடைத்தது சாதி.

நம்முடைய வரதட்சணை எதிர்ப்பு எழுத்துகளில் பெரும்பாலானவை விலை அதிகம் என்று அழுகின்றன. சந்தை ஏன் இவ்வளவு குறுகல் என்று கேட்பதில்லை. 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கேட்காமல் தரும் கல்யாண அன்பளிப்புக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் யாரும் கேட்பதில்லை. “ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்றதச் செய்யுங்க” என்பார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் வரதட்சணைச் சாவு வழக்குகள் 6,450.

சரி, இது மேல்சாதிக்காரன் நோய் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாமா?

என் பாட்டியைப் பரிசம் போட்டுத்தான் கட்டினார்கள். பணமும் சேலையும் தாத்தா வீட்டிலிருந்து வந்தது. இதை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். நாற்று நடுகிற, களையெடுக்கிற இரண்டு கைகள் ஒரு வீட்டைவிட்டுப் போவதற்கான ஈடு அது. ஆனாலும் அவளை யாரும் பாரம் என்று சொல்லவில்லை.

என் தம்பிக்கு அரசாங்க வேலை கிடைத்தது. இடஒதுக்கீட்டில், நம் மூத்தவர்கள் அடிபட்டுப் பெற்றுத்தந்த உரிமையில் கிடைத்த வேலை. அம்மா, பதினைந்து பவுனும் ஒரு வண்டியும் என்றாள். “யம்மா, அந்தப் பொண்ணோட ஆத்தாவும் ஒன்னையப்போல நாத்து நட்டவதானே?” என்றேன். “ஒங்க அக்காளுக்குப் போட்ட எட்டுப் பவுனுக்கு இன்னும் வட்டி கட்டுறேன். அத எவ புள்ள தருவா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. தம்பி வாயே திறக்கவில்லை. பவுன் வந்தது, வண்டியும் வந்தது. கூட்டங்களில் வரதட்சணை எதிர்ப்புப் பேசுகிற நான் அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன்.

மேலே உள்ளவனைப் பார்த்துக் கீழே உள்ளவன் போலச்செய்வதால்தான் சாதி பரவியது என்றும் அதே கட்டுரையில் அம்பேத்கர் சொல்கிறார். நாம் படித்தோம், வேலைக்குப் போனோம். கூடவே அவர்களுடைய பவுன் கணக்கையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். ‘நம்ம ஆளுங்களுக்குள்ள’ என்று உட்பிரிவு பார்த்து வரன் தேடுகிறோம். ஐயர் இல்லாத மேடை, அம்பேத்கர் படம், பெரியார் படம், நடுவில் பவுன். உட்பிரிவு வேலியை உடைக்காமல் பவுனை மட்டும் ஒழிக்க முடியாது.

வரதட்சணைக் கதைகள் எல்லாம் பெண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. வாங்கிய வீட்டிலிருந்து எழுதியவர் எத்தனை பேர்? நமக்கு நேர்ந்த அவமானத்தை எழுதுவதில் நாம் கூசவில்லை. நம் வீட்டு வண்டி யார் அடகு வைத்த காசு என்பதையும் கூசாமல் எழுதவேண்டும். முதலில் நான் எழுதிவிட்டேன்.