சான்றாகும் படங்கள்: ஆய்வுச் சஞ்சிகைகளின் பட விதிகள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஆய்வுக் கட்டுரையில் இடம்பெறும் படத்தை வெறும் அணியெனக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கட்டுரையை எழுதி முடித்தபின், பக்கம் வெறுமையாகத் தோன்றாதிருத்தற்பொருட்டுச் சேர்க்கப்படுவதே படம் எனப் பலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருத்தமற்றது. கட்டுரையாசிரியர் தாம் கண்டதைச் சொற்களாற் கூறுகின்றார். படமோ அவர் கண்டதை வாசகரும் கண்டு, அவர் கூற்றை ஏற்கவோ மறுக்கவோ இடமளிக்கின்றது. ஆதலின் அது சான்றாகும். கணனிவழிப் படங்களை ஆயத்தஞ் செய்வது தொடர்பாகச் சஞ்சிகைகள் வகுத்துள்ள விதிகளை இந்நோக்கிலே மதிப்பிடுதலே எமது கருத்து.

அவ்விதிகளுட் பெரும்பாலானவை அளவு பற்றியவை. ஒளிப்படமாயின் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். கோட்டுப்படமாயின் 1,000 அல்லது 1,200 புள்ளிகள் வேண்டும். திருத்திச் சேமிக்குந்தோறும் நுண்விவரத்தை இழக்கும் ஜேபெக் கோப்பினும் ரிஃப் கோப்பே விரும்பத்தக்கது என்பன அவற்றுட் சில. இவை காரணமற்றவை அல்ல. கோட்டின் விளிம்பு கூர்மையாய் அமைதல் வேண்டுமாதலின் கோட்டுப்படத்துக்கு மிகுந்த செறிவு தேவைப்படுகின்றது. ஒளிப்படத்திற் சாயல்கள் படிப்படியாக மாறுவதால் அதற்குக் குறைந்த செறிவு போதும்.

எனினும், விதியின் சொல்லை நிறைவேற்றி அதன் நோக்கத்தைக் கைவிடுதல் எளிது. மூன்றரை அங்குல அகலத்தில் அச்சிடப்பெறும் ஒளிப்படத்துக்கு 1,050 புள்ளிகள் வேண்டும். 250 புள்ளிகளே கொண்ட ஒரு படத்தைக் கணனியில் 1,050 புள்ளிகளாக விரித்துவிடலாம். கோப்பிலே 300 என்னும் எண் தோன்றும். படத்திலோ புதிய விவரம் எதுவும் தோன்றாது. இடையிற் புகுந்த புள்ளிகள் யாவும் கணனி ஊகித்து நிரப்பியவை. அளவை மாத்திரம் வினவும் ஆசிரியர் குழு இதனைக் கண்டறிய மாட்டாது.

படத்தின் மெய்ம்மை பற்றிய வினாவைத் தெளிவாக எழுப்பிய பெருமை 'த ஜேர்னல் ஒவ் செல் பயோலொஜி' என்னும் சஞ்சிகைக்கு உரியது. அச்சஞ்சிகை 2002ஆம் ஆண்டு முதல், ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களை வெளியிடுமுன் பரிசோதிக்கத் தொடங்கியது. 2004இல் மைக் ரொஸ்னர், கெனெத் யமாடா ஆகிய இருவரும் அதன் பக்கங்களில் இவ்விதிகளை விளக்கினர். படத்தின் ஒரு கூற்றை மாத்திரம் மிகைப்படுத்தவோ, மறைக்கவோ, இடம்மாற்றவோ, நீக்கவோ, புதிதாகப் புகுத்தவோ கூடாது. வெவ்வேறு படங்களின் பகுதிகளை இணைப்பின், இணைப்பிடம் கோடிட்டுக் காட்டப்படுவதோடு படவிளக்கத்திலும் கூறப்படல் வேண்டும். ஒளியையும் நிறத்தையும் மாற்றுவதாயின் படம் முழுவதற்கும் ஒருங்கே மாற்றலாம்; அதுவும் மூலத்திலுள்ள எதனையும் மறைத்தலாகாது. மூலப்படத்தைக் கேட்குங்கால் ஆசிரியர் காட்ட இயலாவிடின் கட்டுரையின் ஏற்பு நீக்கப்படலாம்.

இவ்விதிகள் மிகையானவை அல்ல என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் உணர்த்தின. தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக் குழுவினர் 2005இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட முளைய உயிரணுக் கட்டுரையில், வெவ்வேறு உயிரணு வரிசைகளுக்கு உரியனவாகக் காட்டப்பட்ட படங்களுட் சில ஒன்றன் படிகளே எனத் தெரியவந்தது. விசாரணையின் பின்னர் 2006 சனவரியில் அக்கட்டுரை மீளப்பெறப்பட்டது. 2016இல் எலிசபெத் பிக்கும் அவருடன் இருவரும் வெளியிட்ட ஆய்வு, 40 சஞ்சிகைகளில் 1995 முதல் 2014 வரை வெளிவந்த 20,621 கட்டுரைகளைக் கண்ணாற் பார்த்துச் சோதித்தது. அவற்றுள் 3.8 சதவீதமானவற்றிற் குறைபாடுடைய படங்கள் காணப்பட்டன. அவற்றுட் குறைந்தது அரைவாசி வேண்டுமென்றே செய்யப்பட்டமைக்கான அறிகுறிகளைக் கொண்டிருந்தன.

ஆயினும் 2004இன் விதிகள் முழுமையானவை என நாம் கொள்வதற்கில்லை. முதலாவதாக, அவை படம் எடுக்கப்பட்டபின் அதற்கு நிகழ்வனவற்றையே கட்டுப்படுத்துகின்றன. நுண்காட்டியிற் கண்ட பல காட்சிகளுள் ஆசிரியர் ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றார். தம் முடிபுக்கு இசைவானதை மாத்திரம் தெரிந்தெடுப்பின், ஒரு புள்ளியையும் தொடாமலே அவர் வாசகரை ஏமாற்றலாம். இரண்டாவதாக, மூலப்படத்தைப் பேணுதல் வேண்டும் என்னும் விதி, பேணுதற்கான வசதி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு எனக் கருதிக்கொள்கின்றது. ஆய்வாளரின் சொந்தக் கணனி பழுதடைந்தால் மூலமும் அழிந்துபோகும் நிலையில், நேர்மையாளரும் குற்றவாளிபோல நிற்க நேரிடும். இப்பொறுப்பு நிறுவனத்தினது, தனியாளினது அன்று.

நிறத்தின் பயன்பாடும் இதனோடு தொடர்புடையது. வானவில் வரிசையில் அமைந்த நிறங்கள், அளவு சீராக மாறும் இடத்திலும் எல்லை ஒன்று இருப்பது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்கும் படம், வடஐரோப்பிய வழியினரான ஆண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்மருக்கு விளங்காமற் போகக்கூடும். இத்தகைய படங்களை வரைவோர் பொய் கூறும் எண்ணமுடையோர் அல்லர். எனினும் விளைவு பொய்யே.

இவையெல்லாம் விஞ்ஞானிகளின் கவலைகள் எனத் தமிழாய்வாளர் ஒதுங்கியிருத்தல் இயலாது. ஆனைக்கோட்டையில் 1980இற் கண்டெடுக்கப்பட்ட முத்திரையிலுள்ள பிராமி எழுத்துக்களை அறிஞர் ஒரே வகையாக வாசித்தாரல்லர். சிறியதொரு பொருளில் ஒரு கீறல் எழுத்தின் உறுப்பாகவும், ஓர் உறுப்பு வெறுங் கீறலாகவும் தோன்றலாம். படத்தின் ஒளியை ஓரிடத்தில் மாத்திரம் கூட்டுபவர், தம் வாசிப்பைக் கல்லிலே எழுதிவிடுகின்றார். கல்வெட்டாய்வில் மைப்படிக்கும் கண்ணாற் பார்த்து எழுதிய படிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். கணனிப்படத்தில் அவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. எனவே தீண்டப்படாத படத்தையும் தெளிவாக்கிய படத்தையும் அருகருகே வெளியிட்டு, அளவுகோலையும் ஒளிவந்த திசையையும் குறிப்பிடுதல் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, 97,000 வரையான நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. மூலம் அழிந்தபின் எஞ்சுவது படியே. அப்படியை ஆக்கியவர் எதனை மாற்றினார் என்பதை எவரிடமும் கேட்டறிய இயலாது. இன்று நாம் ஆயத்தஞ் செய்யும் படம் நாளை ஒரே சான்றாக எஞ்சக்கூடும் என்னும் நினைவே, எந்த விதியினும் மேலான விதியாகும். எமது பல்கலைக்கழகச் சஞ்சிகைகள் அளவுகளை மாத்திரம் வற்புறுத்தாது, மூலப்படங்களைப் பெற்றுப் பேணும் கடமையையும் ஏற்றல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.