பயன் யார் வீட்டுக்கு?

1998 செப்டம்பரில் கோலாலம்பூரின் பங்சார் நிலையத்தில் புத்ரா எல்ஆர்டி என்ற இலகு ரயில் ஓடத் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரிக்க, 2002இல் அரசின் பிரசரானா நிறுவனம் ஸ்டார் என்ற மற்றோர் எல்ஆர்டி தடத்தோடு அதையும் எடுத்துக்கொண்டது. கம்பெனிக் கணக்கில் அது தோல்வி. ஆனால் அந்த ரயில் இல்லாத கோலாலம்பூரை இன்று நினைத்துப் பார்க்க முடியவில்லை. மிச்சமான நேரம், சாலையில் குறைந்த வண்டி, குறைந்த புகை எதுவும் டிக்கெட் வசூலில் ஏறாது. அவற்றையும் ரிங்கிட்டாக்கிச் செலவுக்கு எதிரே நிறுத்துவதுதான் செலவு-பயன் ஆய்வு. அந்த வகையில் அது பொதுப்பணிக்குச் செய்யும் உதவி பெரிது. வெறும் லாப நட்டக் கணக்கை நம்பியிருந்தால் பல நல்ல திட்டங்கள் பிறந்தே இருக்காது.

சிக்கல் கூட்டலில் இருக்கிறது. அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டு வெள்ளத்தடுப்புச் சட்டம், பயன் யாருக்குச் சேர்ந்தாலும் மொத்தம் செலவை மிஞ்சினால் போதும் என்றது. 1939இல் பொருளியலாளர்கள் கால்டாரும் ஹிக்ஸும் அதற்குக் கோட்பாடு தந்தார்கள்: ஆதாயம் பெற்றவர் இழந்தவருக்கு ஈடுகட்ட முடிந்தாலே திட்டம் தேறும். உண்மையில் ஈடுகட்டினார்களா என்று கணக்கு கேட்பதில்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. நிலையத்தருகே வீடு வைத்திருப்பவருக்கு நிலமதிப்பு ஏறுகிறது; அதே தெருவில் வாடகைக்கு இருப்பவருக்கு வாடகை ஏறுகிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் குடியிருப்பில் தலைமுறைகளாக வாழ்ந்த ரயில்வேக் குடும்பங்களின் அக்கம்பக்க உறவுக்குச் சந்தை விலை கிடையாது. விலையில்லாதது கணக்கில் சுழியாகிவிடுகிறது.

நேரத்துக்கு விலை வைப்பதிலும் இதே கோணல். சம்பளத்தை வைத்து அளந்தால், துப்புரவுத் தொழிலாளியின் அரைமணி மேலாளரின் அரைமணியைவிட மலிவு. பிரிட்டன் போன்ற நாடுகள் சொந்தப் பயணங்களுக்கு எல்லோருக்கும் ஒரே சராசரியை எடுப்பது நியாயம்.

இயற்கைக்கு வந்தால், எதிர்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வட்டிவிகிதம் விளையாடுகிறது. ஐம்பது ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரிங்கிட் பயன், 8 விழுக்காட்டில் கழித்தால் இன்று 2 ரிங்கிட்டுதான். 3 விழுக்காட்டில் கிட்டத்தட்ட 23. பங்சாரை ஒட்டிய புக்கிட் பெர்செக்குத்துவான் குன்றின் மரங்கள் நம் பேரப்பிள்ளைகளுக்கு எவ்வளவு பெறும் என்பதை இப்படி ஒரு விகிதமே முடிவு செய்துவிடும். அந்த விகிதத்தை யார், ஏன் தேர்ந்தார்கள் என்று ஆய்வு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

மலேசியாவில் பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். செலவு-பயன் கணக்கும் அப்படி வெளியே வரட்டும்; ஒற்றை மொத்தத் தொகைக்குப் பதிலாக அதில் வீட்டுக்காரர், வாடகைக்காரர், கடைக்காரர், பயணி என வரி வரியாகப் பிரித்த பட்டியல் இருக்கட்டும். இழப்பவரின் வரிக்கு நேரே, ஈட்டுத்தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்றும் இருக்கட்டும்.