வசைக்கவியின் உரிமை: ஒரு கொடைக்கானல் பாடலை முன்வைத்து

அரபு இலக்கியத்தில் வசைக்கவிக்கு ‘ஹிஜா’ என்று பெயர். கவிஞர்களைக் கடிந்துரைக்கும் ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயம், அநீதிக்கு ஆளான பின் தம்மைக் காத்துக்கொண்ட நம்பிக்கையாளரை அக்கண்டனத்திலிருந்து விலக்குகிறது. தீய சொல்லைப் பகிரங்கமாக உரைப்பதை இறைவன் விரும்பவில்லை எனக் கூறும் ‘அந்நிஸா’ 148ஆம் வசனமும் அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்களிக்கிறது. 2015 ஜூலை 30 அன்று வெளியான ‘கொடைக்கானல் வோண்ட்’ என்னும் ஆங்கில ராப் பாடலையும் அதன் காணொளியையும் இவ்வளவுகோலால் அளப்பதே முறை.

பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். ஒரு காலத்தில் ‘புர்கா ராப்பர்’ என்று பத்திரிகைகள் பெயரிட்ட பெண். எனவே பாடலாமா, ஆடலாமா என்பதே நம்மவர் நாவில் முதலில் எழும் கேள்வி. இசை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’வில் ‘ஸமா’வுக்கென்றே ஒரு தனி நூற்பகுதியை ஒதுக்கினார். அவ்விவாதத்தை இங்கே விரிக்கவில்லை. விரித்தால் பாடலின் பொருள் மறைந்துபோகும்.

பொருள் இதுதான். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980களில் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லின் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் படிந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டது. அம்மாதமே ஆலை மூடப்பட்டது. தொழிலாளரின் நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் வாதிட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பாடலின் மெட்டு நிக்கி மினாஜ் 2014இல் பாடிய ‘அனகோண்டா’வினுடையது. அதுவும் 1992ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து இரவல் வாங்கியதே. மூலப்பாடல் நம் இல்லங்களில் ஒலிக்கத் தக்கதன்று. ஆயினும் மெட்டை இரவல் பெறுவதைப் பழிக்க நமக்கு வாயில்லை. சிந்தும் கும்மியும் பாடிய நம் புலவர்கள் ஊரறிந்த மெட்டுகளையே எடுத்தாண்டனர். திரைப்பட மெட்டில் அமைந்த இஸ்லாமியப் பாடல்கள் நம் மேடைகளில் எத்தனை! தெரிந்த மெட்டு செவியைத் தடையின்றித் திறக்கும். இங்கே கேளிக்கைக்கென்று திறந்த செவியில் பாதரசத்தின் கதை விழுகிறது. நையாண்டியின் வலிமை அந்த ஏமாற்றத்தில்தான் இருக்கிறது.

திருச்சிக்காரர்களுக்கு வசைக்கவி புதிதன்று. திருவரங்கம் மடைப்பள்ளியில் இருந்து திருவானைக்காவுக்குச் சென்றவர் என்று மரபு கூறும் காளமேகம், ஓர் ஊரே மண்மாரியில் அழியப் பாடினார் என்பர். அது தம்மை மதியாதார் மீது புலவர் கொண்ட சினம். ஹுதைஆவின் கதையும் அத்தகையதே. ஸிப்ரிகான் என்பவரைப் புகழ்வதுபோல் இகழ்ந்ததற்காக உமர் (ரலி) அவரைச் சிறையிலிட்டார். சிறகு முளைக்காத குஞ்சுகள் போன்ற தம் பிள்ளைகளை நினைத்து அவர் பாடியதைக் கேட்டுக் கண்கலங்கி விடுவித்தார். முஸ்லிம்களின் மானத்தை அவரிடமிருந்து 3000 திர்ஹத்துக்கு விலைக்கு வாங்கினார் என்றும் அறிவிப்பு உண்டு. கொடைக்கானல் பாடல் இவ்வகையைச் சார்ந்ததன்று. அது எவருடைய குலத்தையும் உருவத்தையும் இகழவில்லை. ஒரு நிறுவனத்தைப் பெயர் சொல்லி அழைத்து, ஈடு கொடு, மண்ணைத் துப்புரவு செய் என்று கேட்கிறது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. அதைப் பாடலின் வெற்றி என்று மட்டும் சொன்னால், பதினைந்தாண்டு போராடிய அத்தொழிலாளருக்கு அநீதி இழைத்தவராவோம்.

பாடலின் குறையும் இங்கேதான் உள்ளது. விலக்கு அநீதி இழைக்கப்பட்டவருக்குரியது. பாடகி அவர்களுக்காகப் பேசும் வகீல். வாதியின் சொந்த மொழியோ வகீலின் வாயில் இல்லை. ஆங்கிலத்தில் பாடியதால் நிறுவனத் தலைமையின் செவியை எட்டியது உண்மை. தன்னைப் பற்றிய பாடலைக் கொடைக்கானல் தொழிலாளி பிறர் சொல்லித்தான் அறிந்திருப்பார். 2018இல் வந்த ‘கொடைக்கானல் ஸ்டில் வோண்ட்’ இதை ஓரளவு ஈடுசெய்கிறது. டி. எம். கிருஷ்ணாவின் கர்நாடக இசையும் தமிழும் அதில் சேர்ந்தன. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற துப்புரவு அளவையும், பிரிட்டனில் இதைப் பொறுப்பார்களா என்ற கேள்வியையும் அது முன்வைத்தது. முதற்பாடலின் துள்ளல் அதில் இல்லை. எனக்கு அதுவே பிடித்தது.

அயல்நாட்டு நிறுவனத்தைப் பழிக்கும் பாட்டுக்குத் தலையாட்டுவது நமக்கு எளிது. தோல் பதனிடும் ஆலைகளால் பாலாறு கெட்டதை 1996ஆம் ஆண்டின் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் அத்தொழிலில் நம்மவர் பங்கு சிறிதன்று. நம் திருச்சியை அடுத்த செம்பட்டிலும் அத்தொழில் உண்டு. தமிழக முஸ்லிம்களின் கல்விக்கூடங்கள் பல தோல் வணிகரின் கொடையில் எழுந்தவை. அதை மறப்பது நன்றிகேடு. ஆனால் கெட்ட கிணற்றுக்கு உரியவர், நமக்கு அறிமுகமான ஒரு மெட்டில் நம் முதலாளிகளைப் பெயர் சொல்லிப் பாடினால், அந்நிஸா வசனம் அவருக்கும் அதே விலக்கைத்தான் அளிக்கிறது. அப்படியொரு பாடல் இன்னும் என் செவிக்கு எட்டவில்லை. எட்டினால் இதே இதழில் அதற்கு விமர்சனம் எழுதுவேன்.