ரோசியின் நஷ்டக் கணக்கு

அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டேனியல் நிலத்தை விற்று 'விகதகுமாரன்' எடுத்து நொடித்துப்போன கதையை நாஞ்சில் நாட்டில் வளர்ந்த நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மலையாளத்தின் முதல் படம் அது. வசூலில் தோற்றது என்பார்கள். அதைத் தோற்கடித்தது சாதி. தலித் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காமல், திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரைமீது கல்லெறிந்தார்கள். ரோசி லாரியேறி நாகர்கோவிலுக்குத் தப்பிவந்து, ராஜம்மாளாக வாழ்ந்து மறைந்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை.

டேனியல் இழந்த நிலத்துக்கு நம்மிடம் கணக்கு உண்டு. 1992 முதல் கேரள அரசு அவர் பெயரில் விருதும் தருகிறது. ரோசி இழந்த தொழிலையும் பெயரையும் எந்தப் பேரேட்டில் எழுதினோம்? இனி ஒரு படத்தைத் 'தோல்வி' என்று படிக்கும்போது, யாருக்குத் தோல்வி என்று கேளுங்கள் தோழியரே.